குருதியின் போக்கும் வரவும்



என் தந்தையார் தோட்டஞ் செய்து வாழ்ந்தவர். எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்கு ஏறக்குறைய அரை மைல் தூரம். அந்த அரை மைலை நடந்து முடிப்பதற்குள் அவர் நான்கு இடங்களில் நிற்பார்: வைரவர் கோயில் அரசமரத்தடி, மதகு, கூட்டுறவுக் கடை வாசல், ஈற்றில் சந்தைப் படலை. "கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது" என்பார். சற்று நின்றால் வலி விட்டுவிடும், மீண்டும் நடப்பார், மீண்டும் வலி வரும். சிறுவனாகிய நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நிற்கும் நேரத்தை வீணாக்காமல் அவர் மடியிலிருந்து சுருட்டொன்றை எடுத்துப் பற்றவைப்பார். அயலவர்கள் அதனை வாதம் என்றார்கள். நாங்களும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். நான்கு இடங்கள் ஐந்தாயின, ஐந்து எட்டாயின. ஓராண்டு கழிய வலது காற் பெருவிரல் கறுத்தது. அப்பொழுதுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

பல ஆண்டுகள் கழித்து நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்தபோது, என்னோடு படிப்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர் வேட்டியை எப்பொழுதும் நிலத்திலே தோயும்படி உடுத்திருப்பார். முப்பது ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னே நின்றே பாடஞ் சொன்னவர். அவருடைய உள் கணுக்காலின் மேலே ஒரு புண் இருந்தது என்பதும், அதனைப் பிள்ளைகள் கண்ணிற் படாமல் மறைக்கவே வேட்டி அவ்வளவு தாழ்ந்தது என்பதும் எனக்குப் பின்னரே தெரிய வந்தன. ஏழாண்டுகள் அந்தப் புண் ஆறவில்லை. எத்தனையோ தூள்கள், எத்தனையோ களிம்புகள், எத்தனையோ நேர்த்திகள். ஈற்றில் ஒரு தாதியார் அவருடைய காலை விரலடியிலிருந்து முழங்கால்வரை இறுக்கமான பட்டித்துணியாற் சுற்றிக் கட்டி, "இருக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள், நிற்பதைக் குறைத்து நடவுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். வாரந்தோறும் கட்டு மாறியது. ஏழாண்டுப் புண் நான்கு மாதத்தில் மூடியது.

நேயர்களே, இவ்விரண்டும் காலில் வந்த துன்பங்கள். ஆயினும் இவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. என் தந்தையாரின் காலுக்குக் குருதி போய்ச் சேரவில்லை. ஆசிரியரின் காலிலிருந்து குருதி மீண்டு வரவில்லை. ஆசிரியரைக் காப்பாற்றிய இறுக்கமான கட்டை என் தந்தையாருக்குக் கட்டியிருந்தால், அவர் காலை இன்னும் விரைவாக இழந்திருப்பார். ஆகவே காலில் நோய் கண்டால் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குறை போக்கிலா, வரவிலா? இன்று எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வியை 1628ஆம் ஆண்டுக்கு முன்னர் உலகில் எந்த வைத்தியராலும் கேட்க இயலவில்லை. அது ஏன் என்பதையும், அதன் பின்னரும் மருந்து கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றது ஏன் என்பதையுமே இன்றைய பேச்சில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாயை நாடி என்றும், இதயத்துக்குக் குருதியைத் திரும்பக் கொண்டுவரும் குழாயை நாளம் என்றும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நாட்டு வழக்கிலோ இவ்விரண்டுமே நரம்புதான். "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று நாம் சொல்லும் நோய் உண்மையில் நரம்பில் வந்ததன்று, நாளத்தில் வந்தது. பெயர் ஒன்றாக இருந்தால் எண்ணமும் ஒன்றாகவே இருந்துவிடும். மேனாட்டிலும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக எண்ணம் அவ்வாறுதான் குழம்பிக் கிடந்தது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியப் பேரறிஞர் கேலன் வகுத்த கொள்கையே அக்குழப்பத்தின் ஊற்று. உண்ட உணவு ஈரலிற் குருதியாக மாறுகிறது. அக்குருதி நாளங்கள் வழியே உடலெங்கும் வெளியே பாய்கிறது. வயலுக்குப் பாய்ச்சிய நீரைப் பயிர் உறிஞ்சிக் கொள்வதுபோல உறுப்புக்கள் அதனை உறிஞ்சிக் கொள்கின்றன என்றார் கேலன். இக்கொள்கையில் குருதிக்குப் போக்கு உண்டு, வரவு இல்லை. திரும்பி வருவதென்பதே இல்லாதபோது, திரும்பும் வழியில் வந்த தடையைப்பற்றி யார் சிந்திப்பார்? வீங்கிய கால் நாளத்தைக் கண்டவர்கள் அதில் தடித்த கெட்ட குருதி இறங்கித் தேங்கிவிட்டது என்று எண்ணினார்கள். அதனை வெளியேற்றினாற் போதும் எனக் கருதினார்கள்.

அந்தக் காலத்துச் சிகிச்சை எத்தகையது என்பதற்கு உரோம வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கி.மு. 157 முதல் 86 வரை வாழ்ந்த படைத்தலைவர் மாரியஸ் என்பவருக்கு இரு கால்களிலும் நாளங்கள் சுருண்டு வீங்கியிருந்தன. மயக்க மருந்து அறியாத காலம். நோயாளியைக் கட்டிவைத்தே கத்தி வைப்பார்கள். மாரியஸ் தம்மைக் கட்ட வேண்டாமென்று கூறி, ஒரு காலை நீட்டி, முகஞ் சுழிக்காமல் அச்சத்திரசிகிச்சையைப் பொறுத்தார். வைத்தியர் மற்றக் காலுக்கு வந்தபோது அவர் தடுத்துவிட்டார். குணத்தின் பயன் படும் வேதனைக்கு ஈடாகாது என்று அவர் கருதியதாகப் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். போர்க்களத்தில் அஞ்சாத வீரனே மறுகாலை மறைத்துக் கொண்டானென்றால், சாதாரண மக்கள் புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு வாழ்ந்ததில் வியப்பில்லை.

நிற்க. காட்சி இப்பொழுது இத்தாலி நாட்டுப் பாதுவாப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் மருத்துவங் கற்பதற்கு அங்கே திரண்டார்கள். வானசாத்திரத்தைப் புரட்டிய கலிலியோவும் அக்காலத்தில் அங்கேதான் கற்பித்தார். அப்பல்கலைக்கழகத்து உடற்கூற்றுப் பேராசிரியர் பப்ரீசியஸ் என்பவர் கை கால் நாளங்களைப் பிளந்து பார்த்தபோது, அவற்றின் உட்சுவரில் சிறிய மெல்லிய மடிப்புக்கள் ஆங்காங்கே இருப்பதைக் கண்டார். அவற்றுக்குச் "சிறு கதவுகள்" என்று பொருள்படும் இலத்தீன் பெயரிட்டு, 1603ஆம் ஆண்டில் அழகிய படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். இன்று நாம் வால்வு என்பது அதுவே.

கதவைக் கண்டவர் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைச் சிந்தித்தாரா? அங்கேதான் அவர் தவறினார். குருதி வெளிநோக்கிப் பாய்கிறது என்பது கேலன் வாக்கு. அவ்வாக்கை விட்டு விலக அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே, நிற்கும் மனிதனின் குருதி முழுவதும் ஒரேயடியாகக் காலுக்கு இறங்கிவிடாதபடி அதன் வேகத்தைத் தணிப்பதற்கே இக்கதவுகள் இருக்கின்றன என்று முடிவு கட்டினார். கண் சரியாகவே கண்டது; பழைய நூல் அக்கண்ணுக்குத் திரையிட்டது. ஆசிரியத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் இந்நிகழ்ச்சி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. படித்ததை வைத்துக் கண்டதைத் திருத்துகிறோமா, கண்டதை வைத்துப் படித்ததைத் திருத்துகிறோமா என்பதே அறிவின் உரைகல்.

அப்பேராசிரியரின் மாணவருள் ஒருவர் வில்லியம் ஹாவி என்ற ஆங்கில இளைஞர். 1602ஆம் ஆண்டில் பாதுவாவிற் பட்டம் பெற்று நாடு திரும்பி, இலண்டனில் வைத்தியராகவும் பின்னர் அரசரின் வைத்தியராகவும் விளங்கினார். முதுமையில் அவரைக் கண்ட விஞ்ஞானி ரொபேட் பொயில், "குருதி சுற்றி ஓடுகிறது என்ற எண்ணம் உங்களுக்கு எதனால் வந்தது?" என வினவினாராம். நாளங்களின் கதவுகள் யாவும் இதயத்தை நோக்கியே வழிவிடுகின்றன, எதிர்த் திசையில் அடைத்துக் கொள்கின்றன என்பதைக் கண்டதால் வந்தது என்பதே ஹாவியின் விடை. ஆசான் கண்ட கதவை மாணாக்கன் தள்ளிப் பார்த்தான் என்று இதனைச் சொல்லலாம்.

ஹாவி இருவகைச் சான்று காட்டினார். முதலாவது கணக்கு. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதி மிகக் குறைவென்று வைத்துக் கொண்டாலும், அரைமணி நேரத் துடிப்புக்களால் அதனைப் பெருக்கினால், உடலிலுள்ள மொத்தக் குருதியையும் அது விஞ்சிவிடுகிறது. இன்றைய அளவைக் கொண்டு பார்ப்போம். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 70 துடிப்பு. ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர். மணிக்கு 300 லீற்றர். இவ்வளவு குருதியை எந்த உணவாலும் உண்டாக்க முடியாது. ஆகவே உள்ள குருதியே திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும்.

இரண்டாவது சான்று உங்கள் கையிலேயே உண்டு. முழங்கைக்கு மேலே ஒரு துணியை அளவாகக் கட்டினால் முன்கை நாளங்கள் புடைத்துத் தோன்றும். இடையிடையே கணுக்கள் போன்ற சிறு முடிச்சுக்களும் தெரியும். அம்முடிச்சுக்கள்தாம் வால்வுகள். ஒரு விரலால் நாளத்தைக் கீழே அழுத்திக்கொண்டு, மற்ற விரலால் அங்கிருந்து மேல்நோக்கி ஒரு முடிச்சைத் தாண்டித் தடவிவிடுங்கள். இடைப்பட்ட நாளம் வெறுமையாகிவிடும். மேல்விரலை எடுத்தாலும் குருதி கீழே இறங்காது. கீழ்விரலை எடுத்தவுடன் நிரம்பிவிடும். கத்தியின்றி, செலவின்றிச் செய்யத்தக்க இச்சோதனை, குருதி எத்திசையில் வருகிறது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிடுகிறது. பரிசோதனை முடிந்ததும் கட்டை உடனே அவிழ்த்துவிடுங்கள்.

1628ஆம் ஆண்டில் பிராங்போட் நகரில் அச்சேறிய அச்சிறிய இலத்தீன் நூல் ஹாவிக்கு முதலிற் புகழைத் தரவில்லை. அவரைப் பித்தரென்று மக்கள் எண்ணினர் என்றும், நோயாளிகள் வருவது குறைந்தது என்றும் அவரை அறிந்தவர் எழுதியுள்ளார். அவருடைய கொள்கையில் ஓர் இடைவெளியும் இருந்தது. நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எவ்வழியாகக் கடக்கிறது என்பதை அவர் காணவில்லை. 1657இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், பொலோஞா நகரத்து மல்பீகி நுணுக்குக்காட்டியால் தவளையின் நுரையீரலை நோக்கி, மயிரினும் நுண்ணிய குழாய்கள் நாடியையும் நாளத்தையும் இணைப்பதைக் கண்டார். வட்டம் நிறைவுற்றது.

இவ்வறிவு எமது மொழிக்கு வந்த கதையும் நினைவுகூரத் தக்கது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திர வைத்தியம் முதலிய துறைகளில் தமிழ் நூல்களை ஆக்கினார். 1872இல் அச்சான மனுஷ அங்காதிபாதம் அவற்றுள் ஒன்று. ஹாவி இலத்தீனில் எழுதியதை இங்கிலாந்தின் பாமர மக்கள் படிக்க முடியாதிருந்தது. அதே உண்மையை எமது முன்னோர் சிலர் தாய்மொழியிற் படித்துத் தேர்ந்தார்கள் என்பது பெருமைக்குரியது.

இனிக் காலுக்கு வருவோம். உடல் உறுப்புக்களுள் கால் ஏன் இவ்வளவு துன்பப்படுகிறது? நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கொடுக்கும் விலை அது. நிற்கும்போது கணுக்காலிலுள்ள நாளம், இதயம்வரை நிற்கும் குருதித் தூணின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அங்கே அமுக்கம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம். நடக்கத் தொடங்கினால் அது 30க்குங் கீழே இறங்கிவிடும். காரணம் கெண்டைக்கால் தசை. தசை சுருங்கும்போது நாளத்தைப் பிழிகிறது. குருதி மேலே ஏறுகிறது. தசை தளரும்போது குருதி விழ முயல்கிறது. வால்வு அடைத்துத் தடுக்கிறது. துலா மிதித்துப் படிப்படியாக நீரிறைப்பது போன்ற இவ்வேலையால், கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்றே வைத்தியர் சொல்வர். ஆகவே நடப்பவனுக்கு இரண்டு இதயங்கள். அசையாமல் நிற்பவனுக்கு ஒன்றுதான். ஆசிரியர், கடைச் சிப்பந்தி, சிகையலங்காரக்காரர், தொழிற்சாலைப் பெண்கள் முதலியோருக்கு இந்நோய் துன்பந் தருவதன் காரணம் இதனால் விளங்கும். கருவுற்ற காலமும், பரம்பரையும், மிகுந்த உடற்பருமனும் இதற்குத் துணைபோகும். வால்வு பழுதானால் குருதி கீழே தேங்கும், நாளம் புடைத்துச் சுருளும், கணுக்கால் வீங்கும், தோல் கறுத்துத் தடிக்கும், ஈற்றில் சிறு கீறலும் ஆறாத புண்ணாகும்.

இவ்வரவு நோய்க்கு மருந்து கண்டோர் வரலாறு சுருங்கியது. பதினேழாம் நூற்றாண்டில், ஹாவியின் நூலைக் கற்ற தலைமுறையைச் சேர்ந்த ஆங்கிலச் சத்திர வைத்தியர் ரிச்சட் வைஸ்மன், காற்புண்ணுக்குக் கயிறிட்டு இறுக்கும் காலுறையைப் பயன்படுத்தினார். 1890ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான திரெண்டலன்பேர்க், பழுதான பெரிய நாளத்தைத் தொடையிலே கட்டிவிட்டால் மேலிருந்து குருதி பின்னடித்து விழாது எனக் காட்டினார். அதே காலத்தில் ஹம்பேர்க் நகரத்து உன்னா, துத்தநாகப் பசை தோய்த்த கட்டைப் புகுத்தினார். 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் குடியேறிய பொறியியலாளர் கொன்ராட் ஜொப்ஸ்ட் என்பவர், தமக்கே இந்நோய் வந்திருக்க, நீச்சற் குளத்தில் நின்றபோது கால்வலி நீங்குவதை உணர்ந்தார். ஆழஞ் செல்லச் செல்ல நீரின் அமுக்கம் கூடும் அல்லவா? அதேபோலக் கணுக்காலில் இறுக்கம் மிகுந்து, மேலே செல்லச் செல்லக் குறையும் காலுறையை அவர் ஆக்கினார். இன்று பழுதான நாளத்தை உள்ளிருந்தே லேசர் ஒளியின் வெப்பத்தால் மூடிவிடுகிறார்கள். நோயாளி பெரும்பாலும் அன்றே வீடு திரும்புகிறார். மாரியஸ் கேட்டிருந்தால் மறுகாலையும் நீட்டியிருப்பார்.

போக்கு நோயின் வரலாறோ நீண்டது, துயரம் மிக்கது. நாடி அடைபட்டால் அல்லது பழுதுற்றால் காலை வெட்டுவதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 1785ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் இலண்டன் வைத்தியசாலையொன்றுக்கு 45 வயதுடைய குதிரைவண்டிச் சாரதி ஒருவர் வந்தார். முழங்காலின் பின்புறத்து நாடி பலூன்போல வீங்கித் துடித்தது, வெடித்தால் மரணம். சத்திர வைத்தியர் ஜோன் ஹண்டர் காலை வெட்டவில்லை. வீக்கத்தைத் தொடவுமில்லை. மேலே தொடையில் நாடியைக் கட்டிவிட்டார். பெருவழி அடைபட்டாலும் பக்கத்துச் சிறு நாடிகள் விரிந்து காலுக்குக் குருதி கொடுக்கும் என்று அவர் நம்பினார். நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆறு வாரங்களில் அச்சாரதி இரு காலோடும் வீடு சென்றார். மருத்துவருக்கு இதனால் ஒரு பாடங் கிடைத்தது: பெருந்தெரு அடைபட்டால் ஒழுங்கைகள் உதவும். நடக்கும்போது வலி வந்து நின்றவுடன் நீங்கும் நோயாளிக்கு, வலி வரும்வரை நடந்து, சற்று நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியை இன்று விதிக்கிறார்கள். அதனால் அவர் நடக்கக் கூடிய தூரம் கூடுகிறது. என் தந்தையாரின் சந்தை வழி அவருக்கு மருந்தாகவே இருந்திருக்கும். நிற்குமிடந்தோறும் பற்றவைத்த சுருட்டே அம்மருந்தை நஞ்சாக்கியது.

நாடியைக் கட்டலாம், ஆனால் தைக்க முடியுமா? 1894இல் பிரான்சின் சனாதிபதி கார்னோ லியோன் நகரிற் குத்துண்டு, பெருநாளம் அறுபட்டு இறந்தார். வெட்டுண்ட குழாயை வைத்தியர்களால் தைக்க முடியவில்லை. அந்நகரத்து இளைஞர் அலெக்சிஸ் கரல் மனம் பொறாது, சித்திரத் தையலில் வல்ல பெண் ஒருவரிடம் நுண்ணூசி வேலை கற்று, குருதிக் குழாய்களை ஒழுக்கின்றி இணைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1929இல் லிஸ்பன் நகரத்து தொஸ் சந்தோஸ் சாயமருந்தைச் செலுத்தி, அடிவயிற்றுப் பெருநாடியையும் கால் நாடிகளையும் கதிர்ப்படத்திற் காணச் செய்தார். ஊசியும் கிடைத்தது, வரைபடமும் கிடைத்தது. புதிய குழாய்க்கு எங்கே போவது?

1948இல் பாரிஸ் நகரத்து ஜோன் குன்லன் அதற்கு விடை கண்டார். நோயாளியின் காலிலிருந்தே நீண்ட நாளமொன்றை எடுத்து, அடைபட்ட நாடிக்கு மேலும் கீழுமாகத் தைத்து மாற்றுவழி அமைத்தார். ஆனால் ஒன்று: அந்நாளத்தைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும். ஏன் தெரியுமா? நாளத்தினுள்ளே பப்ரீசியஸ் கண்ட அச்சிறு கதவுகள் இருக்கின்றன. நேராகத் தைத்தால் அவை இறங்கும் குருதியை அடைத்துவிடும். முந்நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வேகத் தடையென்று தவறாக எண்ணப்பட்ட கதவுகள், ஹாவியின் அறிவால் திசை தெரிந்து, ஒரு மனிதனின் காலைக் காக்க உதவின. வரலாற்றில் எந்த அறிவும் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நான் அறியேன்.

ஆயினும் பெரிய சத்திரசிகிச்சையைத் தாங்க வலுவில்லாத முதியோரின் கதி என்ன? 1964ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போட்லன்ட் நகர வைத்தியசாலையில் 82 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். விரல்கள் கறுத்துப் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் இணங்கவில்லை. கதிர்ப்பட வைத்தியர் சாள்ஸ் டொற்றர், தொடை நாடியின் ஒடுங்கிய இடத்தினூடே மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் மேலாக ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களை நுழைத்து வழியை விரித்தார். கத்தி வைக்கவில்லை. குளிர்ந்து கிடந்த பாதம் சில நிமிடங்களிற் சூடேறியது. புண் ஆறியது. அவ்வம்மையார் தம் வாழ்நாளின் எஞ்சிய காலமெல்லாம் இரு காலாலும் நடந்தார்.

இதைக் கேட்டுச் சத்திர வைத்தியர் உலகம் மகிழ்ந்திருக்கும் என்று எண்ணுகிறீர்களா? பலர் நகைத்தார்கள். குழாய்த் தொழிலாளியின் வேலை என்றார்கள். ஒருவர் தம் நோயாளியைப் படமெடுக்க அனுப்பியபோது, பார்த்தாற் போதும், திருத்த முயல வேண்டாம் என்று டொற்றருக்குக் குறிப்பெழுதியே அனுப்பினார். ஐரோப்பிய வைத்தியர் சிலரே அம்முறையை ஏற்றுக் கையாண்டனர். சூரிச் நகரத்து அந்திரேயஸ் குருன்சிக் அதனைக் கற்று, குழாயின் நுனியில் ஊதி விரிக்கும் சிறு பலூனைப் பொருத்தி 1974இற் கால் நாடியிலும், 1977இல் இதய நாடியிலும் வெற்றி கண்டார். இன்று மாரடைப்பு வந்தவருக்கு உலகெங்கும் செய்யும் பலூன் சிகிச்சை காலிலே பிறந்து இதயத்துக்கு ஏறியதாகும்.

நேயர்களே, வரலாறு கூறிவிட்டேன். அதனால் வீட்டுக்கு ஆகும் பயனையும் சொல்லி முடிக்கிறேன். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுமானால். பாதம் குளிர்ந்து வெளிறினால். படுத்திருக்கும்போது விரல் வலித்து, காலைத் தொங்கவிட்டால் தணியுமானால், குறை போக்கில். பகல் முழுவதும் நின்று மாலையில் கணுக்கால் வீங்கி, காலை உயர்த்தினால் தணியுமானால், குறை வரவில். வைத்தியர் பாதத்தின் மேல் விரல்வைத்து நாடித் துடிப்பைப் பார்ப்பார். கணுக்காலில் அளந்த குருதியமுக்கத்தைக் கையில் அளந்ததனால் வகுப்பார். ஈவு 0.9க்குக் குறைந்தால் நாடி ஒடுங்கியதென அறிவார். நீரிழிவு உள்ளவர்களில் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டுவதும் உண்டு. அவர்களுக்கு வேறு சோதனைகளும் வேண்டும். இவற்றைப் பார்க்காமல் இறுக்கமான கட்டோ காலுறையோ போடலாகாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஆழ்ந்த நாளத்திற் குருதி உறைந்திருக்கலாம். அவ்வுறைவு நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கு மோசம். திடீரென ஒரு கால் குளிர்ந்து, வெளிறி, மரத்துப் போனாலும் அவ்வாறே ஆபத்து. இவ்விரண்டிலும் அன்றே, அந்நேரமே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். யானைக்கால் வீக்கமோ நிணநீர் வழியில் வந்த வேறு நோய்; அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் இல்லாதொழிந்ததென 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் பாதத்தைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்த காலுக்கு வலி எச்சரிக்கை தராது. புகைப்பவர்கள் சுருட்டானாலும் பீடியானாலும் சிகரட்டானாலும் இன்றே விட்டுவிட வேண்டும். நிற்கும் தொழிலர் இடையிடையே குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துங்கள், நடவுங்கள்.

என் தந்தையாரின் கால் எடுக்கப்பட்டபோது, டொற்றரின் செய்கைக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹாவியின் நூலுக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல். அறிவு உலகில் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. அரசமரத்தடியில் அவர் நின்றபோது, "ஏன் ஐயா நிற்கிறீர்கள்?" என்று நான் கேட்டதுண்டு. "களைப்பு, மகன்" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். பப்ரீசியஸ் பழைய நூலை நம்பியதுபோலவே நாங்களும் வாதம் என்ற பழைய சொல்லை நம்பினோம். உங்கள் வீட்டிலும் பெரியவர் ஒருவர் வழியிலே அடிக்கடி நிற்கிறாரா? அவர் அருகில் அமர்ந்து காலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். வேட்டியைத் தாழ்த்தி உடுப்பவர் இருந்தால், வெட்கத்தை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரல் கறுக்கும்வரை காத்திராதீர்கள்.